உப்புக்கோட்டையின் சமையற்காரி

குருநகர்,
யாழ்ப்பாணம்.
25.03.2025

அன்புள்ள தர்சினிக்கு,

சனிக்கிழமை பின்னேரமும் ஞாயிறு காலையும் நீர் எடுத்த அழைப்புகளுக்கு நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. தொலைபேசியில் சண்டை பிடித்தால் யார் என்ன சொன்னார் என்பதே பிறகு இன்னொரு சண்டையாகிவிடும். முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவள் நான். எழுதினால் எழுதினதுதான். நீரும் பதிலைத் தபாலில் போடும். ஜெசிதாவின் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவள் ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாயாக நின்ற என்னுடைய ஞானப்பிள்ளை, உம்முடைய மருந்துக்கடையில் வேலை செய்பவள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அவளை நிறுத்துவது அழகில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தும்.

தவக்காலம் தொடங்கிய கிழமை ஜெசிதா வந்து, "அன்ரி, தெல்லிப்பழையிலை எங்கடை கடை மேல்மாடியிலை சனிக்கிழமையிலை ஒரு விளையாட்டு. தாயமுமில்லை, கரம்போர்டுமில்லை. மேசையைச் சுத்தி இருந்து ஒரு கதைக்குள்ளை போறது. மூண்டாவது ஆள் தேவைப்படுது" என்றாள். தவக்காலத்தில் விளையாடப் போகலாமோ என்று பங்குச் சுவாமியைக் கேட்டேன். காசு வைக்கிறதோ என்றார். இல்லை என்றேன். "அப்ப போங்கோ. வீட்டுச் சுவரோடை சண்டை பிடிக்கிறதிலும் பார்க்க அது நல்லது" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை என்பது வேறு விசயம்.

கடல் நடுவில் உப்புக்கோட்டை என்று ஒரு கோட்டை என்றீர். வெளியே எதிரிக் கப்பல்கள். வாசற்காவலன் காணாமல் போய்விட்டான். உள்ளே ஓட்டோ ஓடுகிற சுரேஸ் பீரங்கிக்காரன், ஜெசிதா வைத்தியச்சி, நான் சமையற்காரி. கதையை நடத்துகிறவர் நீர். ஒரு சனிக்கிழமை விளையாடினால் கோட்டையில் ஓர் இரவு. நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமோ என்று ஐயம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். "இதிலை நாடகத்துக்குப் போல ஏடு கிடையாது அன்ரி. நீங்கள் நினைச்சதைச் செய்யலாம்" என்றீர். நான் இரண்டாம் தடவையும் கேட்டேன். இரண்டாம் தடவையும் அதையே சொன்னீர்.

ஆளுக்கொரு இரகசிய அட்டை தந்தீர். என்னுடையதில் இருந்தது: "நீ எதிரியின் ஆள். ஆறாம் இரவு வாசலைத் திறந்துவிடுவாய்." அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை அவர்களுக்குச் சோறு போட்டேன். மூன்றாம் சனிக்கிழமை, உள்ளே ஒரு துரோகி இருப்பதாகச் சுரேஸின் பீரங்கிக்காரனுக்குத் தெரியவந்து, அவன் வைத்தியச்சியைச் சந்தேகப்பட்டுக் கிணற்றடியில் கட்டப் போனான். அப்போது என் சமையற்காரி அகப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து, "அவளை விடு. வாசலைத் திறக்க வந்தவள் நான்" என்றாள்.

சுரேஸ் தேநீரோடு கடித்த வாழைப்பழ வாய்ப்பனை அப்படியே வாயிலிருந்து வெளியே எடுத்தான். ஜெசிதா கைதட்டினாள். நீர் விளையாட்டுப் பெட்டியை மூடினீர். "நீங்கள் விளையாட வரேல்லை அன்ரி. பிரசங்கம் வைக்க வந்தனீங்கள். வீட்டை போங்கோ" என்றீர். போனேன்.

ஏடு இருக்கிறதென்றால் தந்திருக்கலாம், பாடமாக்கியிருப்பேன். இல்லையென்றால் நான் செய்ததைப் பிழை என்று சொல்ல உமக்கு இடமில்லை. இரண்டில் எது என்று எழுதும். பிரசங்கம் என்ற சொல்லைத் திருப்பி எடுக்கும்வரை அந்த மாடிப்படியில் நான் ஏறப்போவதில்லை.

நீர் வாசிக்கத் தந்த விதிப்புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். எழுத்துப்பிழைகள் பதினேழு, சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். அட்டையை அனுப்பவில்லை. அது எனக்குத் தந்தது.

இப்படிக்கு,
மார்கிரட் சிமியோன்


தெல்லிப்பழை
30.03.2025

அன்புள்ள மார்கிரட் அன்ரிக்கு,

பிரசங்கம் என்ற சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வீட்டை போங்கோ என்றதையும். என்னுடைய வயதில் ஒருத்தி உங்களுடைய வயதில் ஒருவருக்கு அப்படிச் சொல்லக் கூடாது. சொன்ன பிறகு படியால் இறங்கி ஓடி வந்தேன். நீங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. விளையாட்டு இல்லை என்று சொல்லியும் சுரேஸும் ஜெசிதாவும் வந்தார்கள். மூன்று பேரும் தேநீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்தோம். சுரேஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, அன்ரியைச் சுடுறதோ விடுறதோ எண்டு ஒரு கிழமையா எனக்கு நித்திரை இல்லை. சவாரி ஏறின ஆக்களிட்டையும் கேட்டுப் பாத்திட்டன். காங்கேசன்துறைக்குப் போன ஐயா சுடு எண்டார், அவற்றை மனிசி என்னைப் பேசினா. நீங்கள் ஏதாவது ஒண்டு சொல்லுங்கோ." ஜெசிதா அவனைப் பார்த்து, "என்னைக் கிணத்தடியிலை கட்டப் போன ஆளுக்கு நித்திரை ஒரு கேடோ" என்றாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஏடு இல்லை. ஆனால் பொருள் ஒன்று இருக்கிறது. செத்த வீட்டில் கலியாணப் பாட்டுப் பாடக்கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் பாடுவதில்லை. உப்புக்கோட்டை சந்தேகத்தைப் பற்றிய விளையாட்டு. ஒரே பானையில் சாப்பிடுகிற மூன்று பேர் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் ஆறு சனிக்கிழமை இருக்க வேண்டும். அந்த இருப்பு எப்படியிருக்கும் என்பதைத்தான் நான் இரண்டு வருடமாக எழுதினேன். நீங்கள் மூன்றாவதிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டீர்கள். மிச்சம் மூன்று சனிக்கிழமைக்கும் என்னிடம் கதை இல்லை.

நினைத்ததைச் செய்யலாம் என்றேன்தான். அந்தக் கோட்டைக்குள் பயந்துகொண்டு நிற்கிற ஒரு சமையற்காரி நினைப்பதைச் செய்யலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள் அன்ரி. அப்படிப்பட்டவர்கள் சொல்வதில்லை.

ஒரு வழி இருக்கிறது. இரண்டாம் சனிக்கிழமையின் முடிவுக்குத் திரும்பிப் போவோம். நீங்கள் சொன்னதைச் சொல்லாததாக வைத்துக்கொள்வோம். தெரியாதது போல விளையாட மற்ற இருவருக்கும் சம்மதம். நீங்கள் வராவிட்டால் வேறு ஆள் தேடி விளையாட எனக்கு விருப்பமில்லை. பெட்டியை மேலே தூக்கி வைத்துவிடுவேன்.

பதினேழு பிழைக்கும் நன்றி. மூன்று இடத்தில் நீங்கள் திருத்தியதுதான் பிழை என்று நினைக்கிறேன். வந்தால் காட்டுகிறேன்.

அன்புடன்,
தர்சினி


குருநகர்
03.04.2025

அன்புள்ள தர்சினிக்கு,

சொல்லைத் திருப்பி எடுத்ததை ஏற்றுக்கொள்கிறேன். அந்த விசயம் முடிந்தது. மூன்று பிழை பற்றி நீர் சொல்வதை ஏற்கவில்லை.

திரும்பிப் போக மாட்டேன். காரணம் சொல்கிறேன். தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, பிறகு ஓடி வந்து அதை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறவர்களை என்னுடைய காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் அழுவார்கள். ஒருவர் என் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார். ஒருவருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. போட்ட கடிதம் பெறுகிறவருடையது. நான் சொன்னதைச் சுரேஸ் கேட்டுவிட்டான், ஜெசிதா கேட்டுவிட்டாள். அது இப்போது அவர்களுடையது. தெரியாதது போல நடிக்கச் சொல்ல உமக்கோ எனக்கோ உரிமையில்லை.

சமையற்காரியாக நினைக்காமல் மார்கிரட்டாக நினைத்தேன் என்ற கருத்தில் எழுதியிருக்கிறீர். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

என் கணவர் சிமியோனை உமக்குத் தெரியாது. வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். குரல் நல்லது. தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாக ஆடுவார்கள், பாஸ் என்போம். ஒரு வருடம், முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் இவரைப் பிடித்தார்கள். நன்றாகச் செய்துவிட்டார். அதுதான் பிழையாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் அவர்தான் யூதாஸ். சந்தைக்குப் போனால் மீன் விற்கிற பெண்கள், "முப்பது காசுக்காரர் வாறார், விலையைக் கூட்டிச் சொல்லடி" என்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு இருக்காது.

ஒரு வருடம் ஒலிவத் தோட்டத்துக் காட்சியில் ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஏடு பார்க்கிறவர் மூன்று தடவை அடியெடுத்துக் கொடுத்தும் அசையவில்லை. சனம் அதை நடிப்பென்று நினைத்து அழுதது. பிறகு முத்தமிட்டார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்ன நடந்தது என்று.

"இந்த முறை செய்யாமல் விட்டிட்டு இறங்கி வருவமெண்டு பாத்தன், மார்கிரட்."

"வந்திருக்கலாமே."

"வந்தா? பிறகு ஆண்டவர் சிலுவைக்குப் போறதெப்பிடி? எங்களை ஆர் மீட்கிறது?"

  அந்த ஏட்டை ஒருவர் எழுதி முடித்துவிட்டார். அதில் கை வைக்க எனக்கும் விருப்பமில்லை. ஆகவே ஒரு கதைக்குப் பொருள் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாததல்ல. எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

அவர் போய் மூன்று வருடம். அன்று உம்முடைய மேசையில் நீர் இரண்டு தடவை சொன்னீர், இதில் ஏடு கிடையாது என்று. அந்த அட்டையை வாசித்த நேரம் தொடக்கம் நான் ஒன்றை மட்டும்தான் யோசித்தேன்: ஏடு இல்லாத இடத்தில் என் கணவர் என்ன செய்திருப்பார்? அதைச் செய்தேன்.

சொன்னது நிற்க வேண்டும். நிற்குமானால் வருகிறேன்.

மார்கிரட் சிமியோன்


தெல்லிப்பழை
09.04.2025

அன்புள்ள அன்ரிக்கு,

உங்களுடைய கடிதத்தை வாசித்துவிட்டு நாலு நாள் பதில் எழுதவில்லை. நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் போன கடிதத்தில் எழுதியதும் உண்மைதான், ஆனால் பாதி. மிச்சத்தை எழுதாமல் விட்டால் நீங்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். அது எனக்கு வேண்டாம்.

தொண்ணூற்றாறில் எங்கள் குடும்பம் இங்கேயிருந்து இடம்பெயர்ந்து புத்தூரில் ஒரு தோட்டக்காரர் வீட்டு அறையில் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு காலை ஆமியின் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லோரையும் வரிசையில் நடக்கவிட்டார்கள். காட்டிக்கொடுக்க, கண் மட்டும் தெரிய முகத்தை மூடிய ஓர் ஆள் இருந்தார். பெரும்பாலானவர்களுக்கு அவர் சும்மா இருந்தார். அண்ணை சுதாகரனுக்குத் தலையாட்டினார். அண்ணை அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். அண்ணையோடு படித்தவராக இருக்கலாம். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து அழுதவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். கடைக்கு மருந்து வாங்க வருகிற அந்த ஆளின் வயதிருக்கக்கூடிய ஆக்களின் கண்ணை நான் இப்போதும் பார்ப்பேன். நாளுக்கு எத்தனை தரம் விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பார்ப்பேன்.

அதனால்தான் உப்புக்கோட்டை. அந்தச் சந்தேகம் எப்படியிருக்கும் என்று மற்றவர்களும் ஆறு சனிக்கிழமை இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் அந்த விளையாட்டைக் கெடுத்ததற்காக எனக்குக் கோபம் வரவில்லை அன்ரி. இருபத்தொன்பது வருடமாக யாராவது வந்து "நான்தான்" என்று சொல்லுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் காறித் துப்புவேன் என்றும் நினைத்திருக்கிறேன், காலில் விழுவேன் என்றும் நினைத்திருக்கிறேன். நீங்கள் அதைத் தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் சொல்லிவிட்டீர்கள். ஜெசிதா கைதட்டினாள். இவ்வளவு இலேசான வேலையென்றால் அந்த ஆள் ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை?

இதை வைத்துக்கொண்டு நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவில்லை. திரும்பிப் போவோம் என்று நான் ஏன் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தர்சினி


குருநகர்
13.04.2025

அன்புள்ள தர்சினிக்கு,

ஆறுதல் எழுதப் பார்த்து மூன்று தாள் கிழித்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வராததை எழுதி அனுப்பினால் நீர் கண்டுபிடித்துவிடுவீர்.

ஒன்றைத் திருத்த வேண்டும். என் கணவருக்காகச் சொன்னேன் என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் ஜெசிதா கைதட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தீர்களா, இந்தக் கிழவிக்கு வந்த யோசனை உங்களுக்கு வந்ததோ என்று நினைத்தேன். அதுவும் உண்மை. யூதாஸ் வேடத்தில் என் கணவர் ஒரு நாளும் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. அவர் நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்தால் முகத்தைக் கழுவிவிட்டு ஒரு மணித்தியாலம் ஒருவருடனும் கதைக்காமல் இருப்பார். நான் பஸ்ஸில் வரும்போது, நீர் பெட்டியை மூடியது அநியாயம் என்று யோசித்துக்கொண்டு, வாய்ப்பனுக்குச் சீனி காணாது என்றும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

என் சமையற்காரி அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு விலையும் கொடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்ற உம்முடைய கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்: அந்த ஆளுக்கு விலை இருந்திருக்கும். எனக்கு இருக்கவில்லை. நான் உம்முடைய அண்ணையை அறியாமல் செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்க முடியாது. அறியாமல் செய்தது குற்றமாகாது. ஆனால் கெட்டித்தனத்துக்காகச் செய்ததற்குக் கேட்கலாம். கேட்கிறேன்.

இனி உம்முடைய விருப்பம். இரண்டாம் சனிக்கிழமைக்குத் திரும்பிப் போவோம் என்றீரே, போவோம். வைத்தியச்சியைக் கிணற்றடியில் கட்டட்டும். நான் வாய் திறக்கவில்லை. ஆறாம் இரவு வாசலைத் திறக்கிறேன். ஒன்றைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்வேன் என்று உமக்குத் தெரியும்.

நாளை உங்களுக்கு வருடப்பிறப்பு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும். அடுத்த சனிக்கிழமை எங்களுக்குப் பெரிய சனி, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முதல்நாள். அதற்கடுத்த சனிக்கிழமை வரலாம்.

மார்கிரட் சிமியோன்


தெல்லிப்பழை
21.04.2025

அன்புள்ள அன்ரிக்கு,

வேண்டாம். திரும்பிப் போக வேண்டாம்.

வருடப்பிறப்புக்குக் கடை பூட்டு. மேலே போய் மேசையில் இருந்து, நீங்கள் வாய் திறக்காத கதையை நானே எழுதிப் பார்த்தேன். வைத்தியச்சியைக் கிணற்றடியில் கட்டியாயிற்று. சமையற்காரி குசினி வாசலில் நின்று பார்க்கிறாள். அடுத்த வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை. அந்த இடத்தில்தான் நான் பதின்மூன்று வயதிலிருந்து நிற்கிறேன். இன்னும் மூன்று பேரைக் கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்தி என்ன காணப்போகிறேன் என்று யோசித்தேன். அவர்களில் ஒருத்தி முதல் தடவையாக வேறு பக்கம் நடந்திருக்கிறாள். அவளை இழுத்து வந்து திரும்ப நிறுத்த வேண்டும் என்று கேட்டது நான்தான்.

ஆகவே நீங்கள் சொன்னது நிற்கிறது.

ஆனால் சும்மா நிற்காது. விலை இருக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் புதிதாக ஒரு விதி எழுதியிருக்கிறேன்: உண்மையைச் சொன்னவர் அதற்குப் பிறகு பகடையைத் தொடக் கூடாது. தப்பி ஓடவோ தடுக்கவோ ஏமாற்றவோ உருட்ட முடியாது. மற்றவர்கள் என்ன செய்கிறார்களோ அது நடக்கும். சுரேஸிடம் சொன்னேன். "அப்ப சுடலாமோ அக்கா?" என்றான். சுடலாம் என்றேன். அதைக் கேட்ட பிறகு அவனுடைய முகம் சரியில்லை.

இன்னொன்று. முதல் சனிக்கிழமைக்கு முன்னமே கோட்டையின் வாசற்காவலன் காணாமல் போயிருந்தான், ஞாபகம் இருக்கும். அவனை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவள் சமையற்காரிதான். அது என்னுடைய புத்தகத்தில் மட்டும் இருந்தது. இப்போது உங்களுக்கும் தெரிகிறது. காவலனுக்கு ஒரு தங்கை. அவளை நான் ஆடுவேன். அவள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பாள். பதிலை ஆயத்தம் செய்துகொண்டு வர வேண்டாம். தயவு செய்து.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. 26ஆம் திகதி மூன்று மணிக்கு வாங்கோ.

தர்சினி


தெல்லிப்பழை
28.04.2025

அன்புள்ள அன்ரிக்கு,

நேற்று முன்தினம் நீங்களும் அந்த மேசையில்தான் இருந்தீர்கள். ஆனாலும் என்னுடைய பக்கத்திலிருந்து பார்த்ததை எழுத வேண்டும்போல் இருக்கிறது. கதைத்தால் அழுதுவிடுவேன், உங்களுக்கு அது பிடிக்காது.

சுரேஸ் துவக்கைத் தூக்கினான். கையில் பென்சில்தான் இருந்தது. "அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். நீங்கள், "மன்னிப்பு பிறகு. முதல் வெடிமருந்து நனைஞ்சிருக்கோ எண்டு பார். கடற்காத்திலை நிண்ட துவக்கு" என்றீர்கள். ஜெசிதா சிரித்துவிட்டாள். பிறகு அவளே எழும்பி, "உவன் என்னைக் கட்டேக்கை இவ பேசாமல் இருந்திருந்தா இவவுக்கு ஒண்டும் நடந்திராது. சுடுறதெண்டா அதையும் யோசிச்சுப்போட்டுச் சுடு" என்றாள். சுரேஸ் பென்சிலை மேசையில் வைத்தான். தூர வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தான்.

அதற்குப் பிறகு தங்கை வந்தாள்.

"என்ரை அண்ணையை ஏன் காட்டிக்குடுத்தனீ?"

கேட்டுவிட்டு உங்களுடைய முகத்தைப் பார்த்தேன். நீங்கள் ஏதாவது பெரிதாகச் சொல்லப்போகிறீர்கள் என்று பயந்தேன். நாட்டைப் பற்றி, கடவுளைப் பற்றி. வழக்கமாக நீங்கள் பகடையைப் பார்ப்பீர்கள்; அன்று அதுவும் இல்லை. தெருவில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, போயிற்று.  பிறகு சொன்னீர்கள்:

"பயம், பிள்ளை. வேறை ஒண்டுமில்லை."

மன்னிக்கச் சொல்லிக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் உங்களுக்கு இந்தக் கடிதம்.

அடுத்தது தங்கை பேச வேண்டும். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. துப்புவாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்: "நாளைக்கும் நீ சமை. ஆனா எங்களோடை இருந்து சாப்பிடு. உன்ரை சோத்துக் கோப்பையிலை முதல் போடு." சுரேஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். நஞ்சு வைப்பாளோ என்ற பயத்தில் சொன்னேனா, பசித்திருக்கிறாளே என்று சொன்னேனா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். இரண்டும்தான். மன்னிப்பு இல்லை அது. ஆனால் அது என்ன என்று எனக்குப் பெயர் தெரியவில்லை. என்னுடைய விதிப்புத்தகத்தில் அப்படியொரு வரி கிடையாது. நேற்றிரவு எழுதிச் சேர்த்தேன்.

நீங்கள் எல்லோரும் போன பிறகு வீட்டுக்குப் போய், சாப்பிடும்போது அம்மாவிடம் அண்ணையைப் பற்றிக் கதைத்தேன். அவன் சைக்கிள் ஓடப் பழகி வேலிக்குள் விழுந்த கதை. அம்மா அதைத் திருத்தினார். விழுந்தது வேலிக்குள் இல்லையாம், மாட்டுக் கொட்டிலுக்குள்ளாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

மிச்சம் இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. அதற்கு என்னிடம் கதை இல்லை என்று முதற்கடிதத்தில் எழுதினேன். இன்னும் இல்லை. இப்போது அது பயமாக இல்லை.

அன்புடன்,
தர்சினி


குருநகர்
30.04.2025

அன்புள்ள தர்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். இனி கோட்டை வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

கப்பல்கள் இன்னும் வெளியே நிற்கின்றன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் எல்லோரும் அதை மறந்துவிட்டோம், நீர் உட்பட. ஆறாம் இரவு வாசல் திறக்கப்படும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வார்கள்? உள்ளேயிருந்து ஓர் அடையாளம் காட்ட வேண்டும். அட்டையில் நீர் அதை எழுதவில்லை. ஆனால் எதிரிகள் தங்கள் சமையற்காரியை அதைச் சொல்லாமல் அனுப்பியிருக்க முடியாது. மதில்மேல் ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்வோம். நீர் சம்மதித்தால்.

அப்படியென்றால் அந்த விளக்கை ஐந்தாம் இரவே காட்டலாம். அவர்கள் ஆயத்தமில்லாமல் அரைகுறையாகப் படகு இறக்குவார்கள். சுரேஸின் பீரங்கி ஒரு முறைதான் வெடிக்கும் என்று விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு முறை போதும்.

நான் சொல்வது அவர்களை ஏமாற்றவோ உங்களை ஏமாற்றவோ என்று சுரேஸுக்குத் தெரியாது. கேட்டால் நான் உண்மையைச் சொல்லுவேன். அதையும் அவன் நம்பமாட்டான். பகடை உருட்டி அவனை நம்ப வைக்கவும் எனக்கு இனி வழியில்லை, உம்முடைய விதியால். உமக்குச் சந்தேகத்தைப் பற்றிய விளையாட்டுத்தானே வேண்டும்? யார் துரோகி என்று தெரியாமல் பயப்படுவது இலேசு. தெரிந்த துரோகியின் கையில் விளக்கைக் கொடுப்பதா என்பதற்கு இரண்டு சனிக்கிழமை காணுமோ தெரியாது.

சுரேஸ் என்னை நம்ப வேண்டியதில்லை. துவக்கையும் கொண்டு வரட்டும். மதிலில் காற்று பலமாக இருக்கும். என்னோடு ஏறி, விளக்கு அணையாமல் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றால் போதும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன்.

மார்கிரட்